தெருவுக்கும் கண் வேண்டும்

ஓர் ஊரில் இரண்டு வழிகள் உள்ளன. இரண்டும் பஸ் நிறுத்தத்திலிருந்து ஊருக்குள் வருகின்றன.

முதல் வழி குறுக்கு வழி. ஐந்து நிமிடத்தில் வீடு வந்துவிடலாம். வழியின் ஒரு பக்கம் நீளமான காம்பவுண்டு சுவர். மறு பக்கம் முள் புதர். ஒரு வாசல் இல்லை, ஒரு ஜன்னல் இல்லை. விளக்குக் கம்பம் இருக்கிறது. ஆனால் விளக்கு எரிவதில்லை.

இரண்டாவது வழி சுற்று வழி. பத்து நிமிடம் ஆகும். ஆனால் அங்கே ஒரு டீக்கடை இருக்கிறது. துணி தேய்க்கும் வண்டி இருக்கிறது. வாசலில் உட்கார்ந்து பூக் கட்டும் பாட்டி இருக்கிறார். வீட்டு விளக்குகளின் வெளிச்சம் தெருவில் விழுகிறது.

இரவு எட்டு மணி. உங்கள் மகள் தனியாக வர வேண்டும். எந்த வழியாக வரச் சொல்வீர்கள்?

சுற்று வழியாகத்தான். இதை யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்போம். இரண்டும் ஒரே ஊர்த் தெருக்கள். இரண்டிலும் நடப்பவர்கள் ஒரே ஊர்க்காரர்கள். பிறகு ஏன் ஒன்று பயமாக இருக்கிறது? ஒன்று ஏன் தைரியம் தருகிறது?

இடம் அமைந்திருக்கும் விதம்தான் காரணம். இடத்தைச் சரியாக அமைத்தால் பல குற்றங்களைத் தடுக்கலாம். எப்படி என்று பார்ப்போம்.

மூன்று கல் அடுப்பு

அடுப்புக்கு மூன்று கல் வேண்டும். ஒரு கல்லை எடுத்துவிட்டால் பானை நிற்காது. குற்றமும் அப்படித்தான்.

முதல் கல்: குற்றம் செய்ய நினைக்கும் ஆள்.
இரண்டாவது கல்: அவன் கைக்கு எட்டும் பொருள் அல்லது தனியாக அகப்படும் மனிதர்.
மூன்றாவது கல்: தடுக்கவோ பார்க்கவோ யாரும் இல்லாத நிலை.

இந்த மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சேர்ந்தால்தான் இத்தகைய குற்றம் நடக்கும். லாரன்ஸ் கோகன், மார்கஸ் ஃபெல்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1979-இல் இந்தக் கருத்தை விளக்கி எழுதினார்கள்.

முதல் கல்லை எடுப்பது எளிதல்ல. கெட்ட எண்ணம் உள்ளவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இரண்டாவது கல்லை எடுப்பது என்றால் என்ன அர்த்தம்? "பெண்ணே, வெளியே போகாதே" என்று சொல்வதுதான். அது நியாயமா? தப்புச் செய்பவன் வெளியே திரிகிறான். தப்புச் செய்யாதவள் வீட்டுக்குள் அடைபட வேண்டுமா?

ஆகவே மூன்றாவது கல்லை எடுப்போம். பார்க்க ஆள் இல்லாத இடத்தைப் பார்க்க ஆள் உள்ள இடமாக மாற்றுவோம். இது நம்மால் முடியும்.

யாருடைய கண்கள்?

பார்க்க ஆள் வேண்டும் என்றதும் போலீஸ்தான் நினைவுக்கு வரும். போலீஸ் வேண்டும். ஆனால் எல்லாத் தெருவிலும், எல்லா நேரமும் போலீஸ் நிற்க முடியாது. அப்படியானால் யார் பார்ப்பது?

அமெரிக்காவில் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற பெண்மணி இருந்தார். அவர் பத்திரிகையில் எழுதி வந்தவர். கல்லூரிப் பட்டம் வாங்கியவர் அல்ல. நியூயார்க் நகரத்தில் தாம் குடியிருந்த தெருவை அவர் உற்றுக் கவனித்தார். நகரங்களைப் பற்றி 1961-இல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் அவர் சொன்ன முக்கியமான கருத்து இது: தெருவைக் காப்பது முதலில் போலீஸ் அல்ல. கடைக்காரர்கள், ஜன்னல் வழியே பார்ப்பவர்கள், நடந்து போகிறவர்கள் ஆகியோரின் கண்களே தெருவைக் காக்கின்றன.

பெரிய பொறியாளர்களும் அதிகாரிகளும் கவனிக்காத விஷயம் இது. தெருவில் வாழ்ந்த ஒரு பெண் இதைக் கவனித்தார். இன்று உலகம் முழுவதும் நகரம் கட்டுகிறவர்கள் அவர் புத்தகத்தைப் படிக்கிறார்கள்.

நம் ஊர்களில் இந்தக் கண்கள் யாருடையவை? காய்கறி வண்டிக்காரர், பழக்காரம்மா, டீக்கடைக்காரர், செருப்புத் தைப்பவர். இவர்கள் காலை முதல் இரவு வரை தெருவில் இருக்கிறார்கள். புது ஆள் வந்தால் கவனிப்பார்கள். குழந்தை அழுதால் "ஏன் கண்ணு?" என்று கேட்பார்கள். தெருவை அழகாக்குகிறோம் என்று சொல்லி இவர்களை விரட்டினால் என்ன ஆகும்? தெரு காலியாகும். கண்களும் போய்விடும். தெருவோர வியாபாரிகளைக் காக்க 2014-இல் இந்திய நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அது அவர்கள் பிழைப்பைக் காக்கும் சட்டம். தெருவின் கண்களையும் அதுவே காக்கிறது.

அகமதாபாத்தின் போள்

இடத்தை இப்படி அமைப்பது நம் நாட்டுக்குப் புதியதல்ல. குஜராத் மாநிலத்தில் உள்ள அகமதாபாத் நகரத்தைப் பாருங்கள். இந்த நகரம் 1411-இல் உருவானது. அதன் பழைய பகுதியில் "போள்" என்ற குடியிருப்புகள் உள்ளன.

போள் என்பது ஒரு சிறிய தெரு. சில இடங்களில் பல சந்துகள் சேர்ந்து ஒரு போள் ஆகும். நுழைவதற்கு ஒரு பெரிய வாசல் இருக்கும். அந்த வாசலுக்குக் கதவு உண்டு. அந்தக் காலத்தில் இரவில் கதவைச் சாத்திவிடுவார்கள். பல போள்களில் வாசலுக்கு மேலே காவல்காரர் தங்க ஒரு அறை இருந்தது.

உள்ளே வீடுகள் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கும். வீட்டு முன்னால் "ஓட்லோ" என்ற மேடை இருக்கும். நம்முடைய திண்ணை போன்றது அது. பெண்கள் அங்கே உட்கார்ந்து கீரை ஆய்வார்கள், பேசுவார்கள். பிள்ளைகள் எதிரே விளையாடுவார்கள். யாராவது போளுக்குள் நுழைந்தால் பத்துப் பேர் பார்ப்பார்கள்.

அகமதாபாத்தின் பழைய நகரத்தை 2017-இல் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. பல போள்களில் ஒரே சாதி அல்லது ஒரே மதக் குடும்பங்களே குடியிருந்தன. திருடனைத் தடுத்த கதவு, "நீ எங்கள் ஆள் இல்லை" என்று மற்றவர்களையும் தடுத்தது. அந்தக் கதவை நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம். திண்ணையை எடுத்துக்கொள்வோம். திண்ணை பார்க்கிறது. ஆனால் யாரையும் ஒதுக்குவதில்லை.

உயரமான சுவர் காக்குமா?

திருட்டுப் பயம் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? சுவரை உயர்த்துகிறோம். கண்ணாடித் துண்டு பதிக்கிறோம். சுவர் நம்மைக் காக்கும் என்று நினைக்கிறோம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். திருடன் சுவர் ஏறிக் குதித்துவிட்டான். இப்போது அந்தச் சுவர் யாரை மறைக்கிறது? அவனைத்தான். உள்ளே அவன் என்ன செய்தாலும் தெருவில் போகிறவருக்குத் தெரியாது.

தெருவுக்கும் அதனால் கெடுதல்தான். இரண்டு பக்கமும் உயர்ந்த சுவர் இருந்தால் தெரு ஒரு சுரங்கம் போல ஆகிவிடும். அதில் நடப்பவர் கூப்பிட்டால் கேட்க ஆள் இல்லை. ஓடவும் வழி இல்லை.

அதற்காகச் சுவரே வேண்டாம் என்பதில்லை. மார்பு உயரம் வரை சுவர் கட்டலாம். அதற்கு மேல் கம்பி வைக்கலாம். அப்போது எல்லை இருக்கும். பார்வையும் இருக்கும். பள்ளிக்கூடம், பூங்கா, தொழிற்சாலை ஆகியவற்றின் சுவர்களை இப்படிக் கட்டினால் பக்கத்துத் தெருவும் பிழைக்கும்.

வெளிச்சம் எப்படி இருக்க வேண்டும்?

விளக்கு குற்றத்தைக் குறைக்குமா? இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நியூயார்க் நகரத்தில் அரசு கட்டிய குடியிருப்புகள் பல உண்டு. 2016-இல் அவற்றில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துக் கூடுதல் விளக்குகள் வைத்தார்கள். மற்றவற்றைப் பழையபடி விட்டார்கள். பிறகு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விளக்கு வைத்த இடங்களில், இரவில் வெளியே நடக்கும் பெரிய குற்றங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன.

நம் நாட்டிலும் 2015 முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட தெருவிளக்குகளை எல்.இ.டி. விளக்குகளாக மாற்றியிருக்கிறார்கள். மின்சாரம் மிச்சம். வெளிச்சமும் அதிகம். ஆனால் விளக்கு இருந்தால் மட்டும் போதாது. மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று: வெளிச்சம் ஒரே சீராக விழ வேண்டும். ஓரிடத்தில் கண் கூசும் வெளிச்சம், அடுத்த இடத்தில் கும்மிருட்டு என்றால் ஆபத்து. வெளிச்சத்தில் நிற்பவருக்கு இருட்டில் நிற்பவர் தெரியமாட்டார்.

இரண்டு: மரக் கிளை விளக்கை மறைக்கக் கூடாது. மரத்தை வெட்ட வேண்டாம். விளக்கை மறைக்கும் கிளையை மட்டும் கழித்தால் போதும்.

மூன்று: வெளிச்சம் நடப்பவர் மேல் விழ வேண்டும். பல ஊர்களில் விளக்கு, வண்டி போகும் நடு ரோட்டில் விழுகிறது. ஓரமாக நடப்பவர் இருட்டில் போகிறார்.

கழிப்பிடமும் பாதுகாப்பும்

டெல்லியில் குடிசைகளை அகற்றி, மக்களை நகரத்தின் ஓரத்துக்கு அனுப்பினார்கள். அப்படி உருவான குடியிருப்புகளில் பவானா, பல்ஸ்வா ஆகியவையும் அடங்கும். அங்கே பொதுக் கழிப்பிடங்கள் இருந்தன. "ஜாகோரி" என்ற பெண்கள் அமைப்பு அங்குள்ள பெண்களோடு சேர்ந்து அவற்றை ஆராய்ந்தது. பெண்கள் என்ன குறைகளைச் சொன்னார்கள் தெரியுமா? கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. விளக்கு இல்லை. இரவில் பூட்டிவிடுகிறார்கள். அதனால் இருட்டில் வெளியே போக வேண்டியிருக்கிறது.

ஒரு தாழ்ப்பாளின் விலை என்ன? மிகக் கொஞ்சம்தான். ஆனால் அது இல்லாவிட்டால் ஒரு பெண் எவ்வளவு பயப்படுகிறாள்! தண்ணீர் குடிக்காமல், சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு, பொழுது விடியக் காத்திருக்கும் பெண்கள் எத்தனை பேர்!

இப்போது புனே நகரத்துக்கு வருவோம். 1999 முதல் அங்கே ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் நூற்றுக்கணக்கான பொதுக் கழிப்பிடங்கள் கட்டப்பட்டன. பலவற்றைக் கட்டும் வேலையில் "மகிளா மிலன்" என்ற பெண்கள் சேமிப்புக் குழுக்கள் பங்கு கொண்டன. எப்படிக் கட்ட வேண்டும் என்று பெண்களே யோசனை சொன்னார்கள்.

பெண்களுக்குத் தனி வாசல் வைத்தார்கள். வரிசையில் ஆண்களோடு நெருக்கியடிக்க வேண்டியதில்லை. குழந்தைகளுக்குத் தனியாகச் சிறிய கழிப்பிடம் வைத்தார்கள். கழிப்பிடத்தைப் பார்த்துக்கொள்பவர் தங்க ஓர் அறையும் கட்டினார்கள். அங்கே எப்போதும் ஒருவர் இருப்பார். சுத்தமும் இருக்கும். கண்ணும் இருக்கும்.

பயத்தின் விலை

"இருட்டாக இருந்தால் என்ன? அந்தப் பக்கம் போகாமல் இருந்தால் போதுமே" என்று சிலர் சொல்லலாம். போகாமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு.

எங்கள் மையத்தில் இரவு ஏழு மணிக்குப் பாடம் தொடங்கும். எட்டரைக்கு முடியும். ஆனால் எட்டு மணிக்கே சில பெண்கள் எழுந்துவிடுவார்கள். பாடம் பிடிக்காமல் அல்ல. வழி இருட்டிவிடும் என்ற பயம். ஒரு நாளைக்கு அரை மணி நேரம். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் மூன்று மணி நேரம். ஒரு விளக்கு எரியாததால் அத்தனை படிப்பும் போகிறது.

இரவு வேலைக்குப் போக முடியாத பெண் கூலியை இழக்கிறாள். தூரத்துப் பள்ளிக்கு அனுப்பப் பயந்தால் மகளின் படிப்பு நிற்கிறது. குற்றம் நடக்கவில்லை என்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. பயமில்லாமல் போய் வர முடிகிறதா? அதுதான் பாதுகாப்பு.

நடந்து பாருங்கள், எழுதி வையுங்கள்

கனடா நாட்டின் டொரன்டோ நகரத்தில் 1989-இல் பெண்கள் ஒரு முறையை உருவாக்கினார்கள். சிலர் குழுவாகச் சேர்ந்து இருட்டிய பிறகு நடப்பார்கள். எந்த இடம் பயமாக இருக்கிறது, ஏன் பயமாக இருக்கிறது என்று எழுதி வைப்பார்கள். பிறகு அதிகாரிகளிடம் காட்டுவார்கள். ஜாகோரி அமைப்பு டெல்லியில் இந்த முறையைப் பயன்படுத்தியது. 2013-இல் "சேஃப்டிபின்" என்ற செல்போன் செயலி இதே வேலைக்காக டெல்லிப் பகுதியில் தொடங்கப்பட்டது. அதன் மூலம் டெல்லியின் இருட்டான இடங்களைக் கணக்கெடுத்து அரசிடம் கொடுத்தார்கள். பல இடங்களில் விளக்குகள் வந்தன.

நமக்குச் செயலி வேண்டியதில்லை. நோட்டும் பேனாவும் போதும். எழுதத்தான் நமக்குத் தெரியுமே!

ஆறேழு பேர் சேருங்கள். பெண்கள், முதியவர்கள், கால் ஊனமுற்றவர்கள், படிக்கும் பிள்ளைகள் இருந்தால் நல்லது. ஆண்களும் வரட்டும். இரவு ஏழு அல்லது எட்டு மணிக்குப் புறப்படுங்கள். ஒவ்வோர் இடத்திலும் நின்று இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

1. எதிரே வருபவர் முகம் தெரிகிறதா?
2. விளக்கு எரிகிறதா? கம்பத்தின் எண் என்ன?
3. நான்கு பக்கமும் பார்க்க முடிகிறதா? மூலை, புதர், பாழடைந்த கட்டடம் மறைக்கிறதா?
4. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வீடோ கடையோ இருக்கிறதா?
5. நடக்கப் பாதை இருக்கிறதா? குழி, சாக்கடை இருக்கிறதா?
6. தெருவில் பெண்கள் நடமாடுகிறார்களா?
7. ஆபத்து என்றால் வெளியேற இன்னொரு வழி இருக்கிறதா?

சில குறைகளை நாமே சரி செய்யலாம். புதரை வெட்டலாம். வாசல் விளக்கை இரவு பத்து மணி வரை எரிய விடலாம். குப்பை மேட்டை அகற்றி, உட்காரக் கல் போடலாம். மற்றதற்கு மனு எழுத வேண்டும்.

மனு எழுதுவோம்

விளக்குக் கேட்பது பிச்சை கேட்பது அல்ல. நம் அரசியல் சட்டத்தின் 12-ஆம் அட்டவணை நகராட்சிகளுக்கு உரிய வேலைகளைப் பட்டியல் போடுகிறது. தெருவிளக்கு, பஸ் நிறுத்தம், பொதுக் கழிப்பிடம் மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கிராமத்தில் இருப்பவர்கள் கிராம சபைக் கூட்டத்தில் கேட்கலாம்.

மனு இப்படி இருக்கலாம்:

"ஆணையர் அவர்களுக்கு,

ஐயா, வணக்கம். எங்கள் தெருவில் 14, 15, 16 எண் உள்ள மின்கம்பங்களில் 20 நாட்களாக விளக்கு எரியவில்லை. பொதுக் கழிப்பிடத்துக்குப் போகும் வழி இதுதான். பெண்களும் குழந்தைகளும் மிகவும் பயப்படுகிறார்கள். கழிப்பிடத்தில் பெண்கள் பக்கம் இரண்டு கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இவற்றை விரைவில் சரி செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தெரு மக்கள்."

கீழே எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். எத்தனை கம்பம், எந்த எண், எத்தனை நாள் என்று தெளிவாக எழுதுங்கள். "தெரு இருட்டாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் தட்டிக் கழிக்கலாம். எண் எழுதினால் தட்டிக் கழிப்பது கடினம். மனுவுக்கு ஒரு நகல் எடுத்து, அதில் அலுவலக முத்திரை வாங்கி வையுங்கள். பதில் வராவிட்டால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி "எங்கள் மனு என்ன ஆனது?" என்று எழுதிக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

இதையும் மறக்க வேண்டாம்

விளக்கும் திண்ணையும் எல்லாக் குற்றத்தையும் தடுக்காது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான கொடுமைகள் பல வீட்டுக்குள்ளேயே நடக்கின்றன. தெரிந்தவர்களே செய்கிறார்கள். அங்கே தெருவிளக்கு எட்டாது. பக்கத்து வீட்டில் அடிதடிச் சத்தம் கேட்டால் "அது அவர்கள் வீட்டு விஷயம்" என்று கதவைச் சாத்தாதீர்கள். அவசர உதவிக்கு 112. பெண்கள் உதவிக்கு 181. குழந்தைகள் உதவிக்கு 1098. இந்த எண்களைச் சுவரில் எழுதி வையுங்கள்.

இருட்டில் ஒருவருக்குக் கெடுதல் நடந்தால், "அந்த வழியாக ஏன் போனாய்?" என்று அவரைக் கேட்காதீர்கள். குற்றம் செய்தவன்தான் குற்றவாளி. "அந்த வழியை ஏன் அப்படி விட்டு வைத்தோம்?" என்று நம்மை நாமே கேட்போம்.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் ஊரில் எந்த இடத்துக்குத் தனியாகப் போகப் பயப்படுகிறீர்கள்? ஏன்?
2. அந்த இடத்தில் எந்த ஒரு மாற்றம் செய்தால் பயம் குறையும்?
3. பொதுக் கழிப்பிடத்தைக் கட்டும் முன் யாரிடம் யோசனை கேட்க வேண்டும்?
4. உங்கள் தெருவின் மின்கம்ப எண்களை நோட்டில் எழுதுங்கள். எந்தக் கம்பத்தில் விளக்கு இல்லையோ, அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போடுங்கள்.